குஞ்சுகளைக் கூப்பிட்ட மதர்போர்டு

சாந்தாமணி கோயமுத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கி, வழியில் உடைந்துவிடக் கூடாதென்று இரண்டு முட்டை அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நாமக்கல் வரைக்கும் பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த அந்த மதர்போர்டு, வந்த மறுநாள் காலையில், அவள் பின்கட்டில் உளுந்து கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், குஞ்சுகளைக் கூப்பிடும் தாய்க்கோழியின் குரலில் கொக்கரித்தது. அவள் கையை உதறிக்கொண்டு ஹாலுக்கு வந்து பார்த்தாள். கோழி எதுவும் உள்ளே வந்திருக்கவில்லை. மேசைமேல் அட்டையில் மதர்போர்டு கிடந்தது, அதை ஒட்டி, கூரியரில் வந்த ரேம் இரண்டும் உறை பிரிக்காமல் கிடந்தன. ரேமைத் தள்ளி வைத்தாள், சத்தம் நின்றது. பக்கத்தில் கொண்டுவந்தாள், மறுபடியும் கொக் கொக் என்றது. சேருமாட்டத்தான் இருக்குது, ரெண்டும் பொருந்துது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிரைண்டர் காத்திருந்ததால் உளுந்து கழுவப் போய்விட்டாள்.

ஏன் கொக்கரித்தது என்று கேட்டால் எங்கள் வீதியில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முட்டை அட்டையில் வந்ததால்தான் என்பார்கள், பஸ் கோழிப்பண்ணைகளைத் தாண்டி வரும்போது காற்று பட்டிருக்கும் என்பார்கள், கோயமுத்தூர்க்காரன் எதையும் சும்மா விற்க மாட்டான் என்பார்கள். எங்களுக்கு அந்த ஆராய்ச்சியில் பெரிய அக்கறை இல்லை. மாடு பால் கறக்கிறதா என்று பார்ப்போமே தவிர, என்ன நினைத்துக்கொண்டு கறக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம்.

சாந்தாமணியைப் பற்றிச் சொல்லாமல் அவள் வாங்கிய சாமானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அவளுக்குக் கோபம் வரும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த எங்கள் வீதியில் இட்லி மாவு அரைத்து விற்பவள், ஐம்பதைத் தாண்டியவள், நான்கு லாரிக்குச் சொந்தக்காரரும் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவருமான செங்கோட்டுவேலுவின் மனைவி, வீதி முனையில் எந்த வண்டி எந்த கியரில் திரும்புகிறது என்று கிரைண்டர் சத்தத்துக்கு நடுவிலேயே சொல்லிவிடக்கூடியவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான், ஒரு லாரியை ஒருமுறையாவது தன் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் செங்கோட்டுவேலு ஆகட்டும் பார்க்கலாம் என்பார். திட்டியதில்லை, மறுத்ததில்லை, சிரித்துக்கொண்டே ஆகட்டும் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி அவளுடைய தலையை நரைக்க வைத்துவிட்டார். பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த மகள் நித்திலா, தன் லேப்டாப்பில் ஊர் ஊராக லாரி ஓட்டும் ஒரு விளையாட்டைக் காட்டி ஒரு மத்தியானம் முழுக்க அம்மாவை ஓட்டவிட்டாள். மகளும் லேப்டாப்பும் ஓசூர் போய்ச் சேர்ந்த பிறகும், மாவைக் கரைக்கும்போதெல்லாம் சாந்தாமணியின் இடதுகை தானாகவே கியர் மாற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் ஏலச்சீட்டை எடுத்து, தனக்கென்று ஒரு கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் பண்ணுவது என்று முடிவு செய்தாள்.

மாவு அரைபடும் நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்து எல்லாம் கற்றுக்கொண்டாள், கற்றுக்கொண்டதை எங்கள் ஊர் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். சின்ன எஞ்சினில் பெரிய பாடி கட்டினால் மேட்டில் நிற்கும், பெரிய எஞ்சினுக்குச் சின்ன டேங்க் வைத்தால் நடுரோட்டில் நிற்கும், ஆகவே ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றுக்கொன்று இளைத்ததாக இருக்கக் கூடாது, பவர் சப்ளை இரண்டுக்கும் தீனி போடுகிறதாக இருக்க வேண்டும். கலர் கலராக எரியும் விளக்கு வைத்த ரேம் வாங்கச் சொல்லி வீடியோப் பையன்கள் கெஞ்சினார்கள். லைட் எரிந்தால் லோடு ஏறுமா என்று கேட்டுவிட்டு விளக்கில்லாததை வாங்கினாள். சேலத்திலிருந்து ஒருவர் சத்தியம் செய்து விற்கவந்த கிராபிக்ஸ் கார்டைக் காட்டியபோது மதர்போர்டு வாயே திறக்கவில்லை. அளந்து பார்த்தால், அவள் வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு அது ஒரு விரற்கடை நீளம். அடுத்து வந்த பழைய கார்டு உறைக்குள் இருக்கும்போதே கொக் கொக் என்று அழைப்பு வந்தது, அதை வாங்கிக்கொண்டாள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தபோதுதான் வீதி உள்ளே நுழைந்தது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டுப் பூங்கொடி. குக்கர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த கேஸ்கட் சேரும் என்று உன் கோழியைக் கேட்டுச் சொல் என்றாள். மூடியை ஒருபுறமும் கேஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக மறுபுறமும் வைத்துப் பார்த்ததில் மூன்றாவதுக்குக் கொக்கரித்தது, அன்றைக்குப் பூங்கொடி வீட்டில் சோறு குழையாமல் வெந்தது. பிறகு சாவி தொலைந்த பீரோக்களுக்கு ஊர்ச்சாவிக் கொத்துகள் வந்தன, கல்யாண வீட்டில் கண்ணாடி மாறிப்போய் இரண்டு மாதமாக மங்கலாகவே பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் வந்தார்கள், குடித்தனக்காரரோடு வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். பட்டறையைப் பங்கு பிரித்து நடுவில் சுவர் எழுப்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த பழைய பங்காளிகள் முத்தப்பனும் காளியப்பனும் ஒரே சமயத்தில் மாவு வாங்க வந்து, தெரியாத்தனமாக மேசையின் இரண்டு பக்கமும் நின்றுவிட, மதர்போர்டு வீதி முனை வரைக்கும் கேட்கும்படி கொக்கரித்துத் தீர்த்தது. இருவரும் கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்கத்தான் பார்த்தார்கள், முடியவில்லை, சிரித்துவிட்டார்கள். அந்தச் சுவரில் இப்போது டீ கிளாஸ் போய்வரும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது.

அதன்பிறகு கல்யாணத் தரகர் அர்த்தனாரி, அக்குளில் தோல்பையோடு வந்து சேர்ந்தார். போட்டோக்களை வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேச்சில்லை. நேரில் ஆட்களை நிறுத்தினால்தான் வேலை நடக்கிறது என்று தெரிந்ததும், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாவு வாங்க வந்தவர்கள்போல வந்து நின்றார்கள், சந்தேகம் வராமல் இருக்க ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கவும் செய்தார்கள். கொக்கரித்தால் நிச்சயம், பேசாமல் இருந்தால் பொருத்தமில்லை என்று நாங்களே விதி எழுதிக்கொண்டோம். எருமப்பட்டிப் பெண்ணும் ராசிபுரத்துப் பையனும் வந்த நிமிடத்திலேயே ஒருவரையொருவர் பார்த்துக் காது சிவந்தார்கள், ஆனால் மதர்போர்டு பேசவில்லை, பெரியவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஏற்கெனவே கல்யாணமான ஜோடிகள் மேசைக்கு அருகில் வரக் கூடாது என்று பெண்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள், ஆண்கள் அதை ஒருமனதாக ஆதரித்தார்கள். வீதிக் கோழிகளும் தங்களுக்கு ஏதோ உறவு என்று நினைத்துக்கொண்டு மேசைக்கடியில் வந்து முட்டையிட ஆரம்பித்தன. முட்டை யாருடையது என்று மட்டும் மதர்போர்டு சொல்லவே இல்லை, அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது.

சாந்தாமணிக்கு எல்லாம் சந்தோஷம்தான், வியாபாரம் கூடியது, வீடு கலகலவென்று இருந்தது. மார்கழியில் ஒரு நாள் அவள் ரேம் இரண்டையும் அதற்குரிய இடத்தில் அழுத்திப் பொருத்தினாள். அதோடு கொக்கரிக்கும் சத்தம் பாதியாகக் குறைந்துபோனது. முதலில் கவனித்தவர் அர்த்தனாரி. எல்லாக் குஞ்சும் இறக்கைக்குள் போய்விட்டால் கோழி எதற்காகக் கூப்பிடப்போகிறது என்று அவர் கேட்டபோது வீதியே திடுக்கிட்டது. அவளுடைய கம்ப்யூட்டர் முழுசாக முடிந்தால் இந்தக் குரல் அடங்கிவிடும். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டோம், பேசினோம், பிறகு எல்லோருமாக அவள் வீட்டுக்குப் போய், ஊர் நன்மைக்காக இதை இப்படியே விட்டுவிடச் சொல்லிக் கேட்டோம். தை மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள் என்றார் அர்த்தனாரி. சரி என்றாள். தை முடிந்ததும் மாசி, மாசி முடிந்ததும் பங்குனி உத்திரம் என்றோம். கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே படுத்திருந்தன. அவள் பீரோவைத் திறந்து அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவதைப் பூங்கொடி பார்த்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் மனசு உறுத்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சித்திரையில் அவள் யாரையும் கேட்காமல் ப்ராசசரை வாங்கிவிட்டாள். புதிய மாடல், அவளுடைய பணத்துக்குள் அடங்குகிறது, அந்த கிராபிக்ஸ் கார்டுக்குச் சரிசமமாக ஓடுகிறது. வீதி முழுக்க ஹாலில் நெருக்கிக்கொண்டு நிற்க, அவள் உறையைப் பிரித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னதான அதை உள்ளங்கையில் வைத்து மதர்போர்டின் அருகில் நீட்டினாள். சத்தமே இல்லை. இந்தப் பக்கம் நீட்டினாள், அந்தப் பக்கம் நீட்டினாள், பொறுமையாகக் காத்திருந்தாள். நாங்கள் பெருமூச்சு விட்டோம், அது நிம்மதிப் பெருமூச்சு என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். அதுக்கே இஷ்டமில்லை பார் என்று செங்கோட்டுவேலு சிரித்தார். அவள் பின்கட்டுக்குப் போய் அழுதுகொண்டே மாவரைத்தாள். மறுநாள் வீதியில் ஒரு வீட்டிலும் மாவு பொங்கவில்லை, இட்லி கல்லாக இருந்தது, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம்.

மூன்றாம் நாளும் மாவு பொங்காததால் பூங்கொடி சமாதானம் பேசப் போனாள். பேச்சு எங்கெங்கோ போய், வாரச்சந்தையில் தான் வாங்கிவந்த குஞ்சுகளைத் தன் கோழி சேர்த்துக்கொள்ள மாட்டேனென்கிறது என்ற புலம்பலில் வந்து நின்றது. சாந்தாமணி அழுகையை நிறுத்திவிட்டு அவளைத் திட்டினாள். முன்பின் தெரியாத குஞ்சை நேராகக் கொண்டுபோய் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினால் எந்தக் கோழி சேர்த்துக்கொள்ளும், அது பொரித்த குஞ்சுகளோடு கலந்து அடியில் விட வேண்டாமா, கோழிக்காரி வீட்டில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தி, ஹாலில் கிடந்த மதர்போர்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து வீடியோக்களைத் தேடினாள். அவள் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. அந்த மதர்போர்டு செய்யப்பட்ட காலத்தில் இந்த ப்ராசசர் பிறக்கவே இல்லை, அதனால் அதற்கு இது யாரென்று தெரியவில்லை. அதற்குத் தெரிந்த பழைய ப்ராசசர் ஒன்றை முதலில் உட்காரவைத்து, மெஷினை ஓடவிட்டு, பென்டிரைவ் வழியாகப் புதிய சங்கதிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிறகு புதியதை ஏற்றுக்கொள்ளும். இத்தனை மாதமாக அதன் மௌனத்தை வேண்டாமென்கிறது என்று நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம், அது தெரியாது என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டதும் அர்த்தனாரி தோல்பையை டீக்கடையிலேயே மறந்துவிட்டு, எருமப்பட்டிக்கும் ராசிபுரத்துக்கும் போன் போட ஓடினார்.

பழைய ப்ராசசர் இருந்த இடம் ஊரில் ஒன்றுதான், செங்கோட்டுவேலுவின் புக்கிங் ஆபீஸ் கம்ப்யூட்டர். அதைக் கழற்றினால் அன்றைக்கு லோடு புக்கிங் கிடையாது. ஆயுதபூஜை தவிர வேறெந்த நாளும் மூடாத ஆபீஸ் அது, அவருடைய மாமனார் செத்த அன்றுகூட அரை ஷட்டர் திறந்திருந்தது. சாந்தாமணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் கேட்டாள். அவர் மோர் ஊற்றிக்கொண்டே ஆகட்டும் பார்க்கலாம் என்றார்.

அவள் மோர்ச் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"ஏனுங்க, உங்க வண்டி நாலுக்கும் நெத்தியில சாந்தாமணின்னு என்ற பேரத்தான எழுதி வெச்சிருக்கறீங்க. என்ற பேரு நாக்பூரு போயிருக்குது, கவுகாத்தி போயிருக்குது. நான் கோயமுத்தூரத் தாண்டுனதில்லீங்க. நாலு வண்டியில ஒண்ணுலயாச்சும் என்னைய வலது பக்கம் உக்காரச் சொல்லியிருக்கறீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அவர் முகம் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்த கை அப்படியே இருந்தது மட்டும் தெரிந்தது. அவர் கை கழுவ எழுந்தார்.

"நாளைக்கு லீவுன்னு ஆபீசுல எழுதி மாட்டறேன்" என்றார்.

மறுநாள் எங்கள் வீதிக்குத் திருவிழா. குரல் அடங்குவதற்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதைக் கேட்டுக்கொள்ள விடிந்ததிலிருந்து வரிசை நின்றது. மூடியில்லாத டப்பாக்கள், ஜோடி போன கம்மல்கள், சட்டைக்குப் பொத்தான், ரவிக்கைக்குப் புடவை என்று எதையெதையோ கொண்டுவந்தார்கள், மதர்போர்டும் சளைக்காமல் பதில் சொன்னது. பெண்கள் போட்ட சட்டத்தையும் மீறி இரண்டு மூன்று ஜோடிகள் துணிந்து நின்று பார்த்தார்கள். ஒரு ஜோடிக்குச் சத்தம் வரவில்லை. "அதுக்கு இன்னும் எங்களத் தெரியல, அவ்வளவுதான்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், எல்லோரும் கைதட்டினோம்.

பத்து மணி வாக்கில் செங்கோட்டுவேலு பழைய ப்ராசசரை ஒரு சந்தன டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்ததும் மதர்போர்டு, ரொம்ப நாள் பார்க்காத சொந்தக்காரரை வாசலில் கண்டதுபோலத் தாழ்ந்த குரலில் ஒருமுறை கொக்கரித்தது. சாந்தாமணி அதை அதன் இடத்தில் உட்காரவைத்து, கார்டையும் பவர் சப்ளையையும் பீரோவிலிருந்து எடுத்து மாட்டி, மானிட்டரை இணைத்து, பென்டிரைவைச் செருகினாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்து, இது சொல்லிக்கொடுத்து முடிக்கும் வரைக்கும் கரண்ட் போகக் கூடாது, நடுவில் போனால் மதர்போர்டு செத்துவிடும் என்றாள்.

எங்கள் வீதியில் கரண்ட் போவதற்குக் காரணம் வேண்டியதில்லை. நான்கு பட்டறையில் ஒரே சமயத்தில் வெல்டிங் வைத்தாலே டிரான்ஸ்பார்மர் பொட்டென்று போய்விடும். முத்தப்பனும் காளியப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். வீதியின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் வெல்டிங் நின்றது, கட்டிங் மெஷின் நின்றது, பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசர் நின்றது, மிக்ஸியும் மோட்டாரும் நின்றன, பூங்கொடி ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து பட்டறை வீதி பகலில் அப்படி ஓய்ந்து கிடந்ததே இல்லை. வேப்பங்குச்சி தகரக் கூரைமேல் விழுகிற சத்தம் கேட்டது. அவளை இத்தனை மாதம் காக்கவைத்தவர்கள் நாங்கள்தான், அவளுடைய கரண்டுக்காக வேர்வை வழிய நின்றுகொண்டிருந்தவர்களும் நாங்கள்தான், இந்தக் குரல் போகப்போகிறதே என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. திரையில் ஒரு கோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து போய்ச் சேர்ந்தது.

முடிந்தது என்று எழுத்து வந்தது. அவள் மெஷினை அணைத்து, பழையதை எடுத்துச் சந்தன டப்பாவில் வைத்து, புதியதை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். அதற்குப் பிறகு மதர்போர்டு எழுப்பிய குரலை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. மேசைக்கடியில் இருந்த கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்தின, வீதிக் கோழிகள் பதில் கத்தின, ஊருக்கு வெளியே பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் கத்தியதாகப் பிறகு லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். அவள் ப்ராசசரை அதன் இடத்தில் வைத்துக் கொக்கியை மாட்டினாள். குரல் மெல்ல மெல்ல அடங்கி, அடைகாக்கும் கோழி கண்ணை மூடும்போது வரும் முனகலாகி, நின்றது. இனிமேல் எது எதோடு சேரும் என்பதை நாங்கள் வாயைத் திறந்து ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பங்காளிகள் இருவரும் சேர்ந்து ஒரு நிஜ லாரி டிரைவர் சீட்டுக்குக் கால் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். அதன் முன்னால் பழைய விலைக்கு வாங்கிய விளையாட்டு ஸ்டியரிங்கை மாட்டி, விளையாட்டில் வலதுபக்கம் ஸ்டியரிங் இருக்கிற வண்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, டயருக்கடியில் வைக்க முடியாததால் மேசையின் நான்கு காலுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சாந்தாமணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செங்கோட்டுவேலு ஒரு மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு இடதுபக்கம் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் எந்த ஓனரும் முதலில் கிளீனராக, டிரைவருக்கு இடதுபக்கம் பார்த்து வழி சொல்லும் ஆளாக, வண்டி ஏறியவர்தான், அவரும் அப்படித்தான். வண்டி கிளம்பியது. ஏதோ குளிர் நாடு, இரண்டு பக்கமும் பச்சை, மேலே மழை மேகம், பின்னால் இருபது டன் மரம். ஒவ்வொரு கியராக அவள் மாற்றி ஏற்றியபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நாங்கள் ஜன்னலுக்கு வெளியே அழுதோம், சிரிக்கவும் சிரித்தோம்.

சாலை ஒரு பழைய ஊருக்குள் நுழைந்து குறுகியது. அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"ஏனுங்க, எடப்பக்கம் பாருங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் திரையைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். வாளியிலிருந்து எழுந்து, இடதுபக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, முண்டியடித்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்தார், கிளீனர்கள் கதவைத் தட்டுவதுபோலச் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"வழி உடுங்கப்பா" என்றார், "ஓனரம்மா வண்டி வருது."

பூங்கொடி கூடையைத் தூக்கிக்கொண்டாள், அர்த்தனாரி ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளினார், கோழிகளை யாரோ விரட்டினார்கள். நாங்கள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி, வீதியை அவளுக்கு விட்டுவிட்டு நின்றோம்.